என் வீட்டுக்காரர் இன்டர்வியூவுக்குப் போனது

என் வீட்டுக்காரருக்கு நாற்பத்தாறு வயதில்தான் வாழ்க்கையின் முதல் இன்டர்வியூ வந்தது. வந்த போனை "ராங் நம்பர்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் அப்போது கடையில் இருந்தேன். திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்துத் தெருவில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு லேமினேஷன் மெஷின். ரேஷன் கார்டு திருத்தம், வாடகை ஒப்பந்தம், ஆதார் பிரின்ட் என்று எல்லாவற்றுக்கும் ஆட்கள் வருவார்கள். ஆனாலும் அதிகம் வருவது பயோடேட்டா அடிக்கத்தான். மணலி, எண்ணூர், அத்திப்பட்டு பக்கத்துக் கம்பெனிகளில் வேலை பார்க்கிற பாதிப் பேருடைய பயோடேட்டா என் கையால் அடித்தது என்று சொன்னால் கொஞ்சம் மிகை, அவ்வளவுதான். அடித்துக் கொடுப்பதோடு, இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள், எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்றும் சொல்லி அனுப்புவேன். வேலை கிடைத்தவர்கள் ஸ்வீட் பாக்ஸோடு வந்து நிற்பார்கள். ஊருக்கே சொல்லிக் கொடுக்கிறவளுக்கு வாய்த்த புருஷன், வந்த வேலையை ராங் நம்பர் என்றார்.

அவர் ஃபிட்டர். ஒரே தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷம். பம்ப், மோட்டார், கியர்பாக்ஸ் எது மக்கர் செய்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அந்த வேலைக்கு அவரை யாரும் இன்டர்வியூ செய்யவில்லை. கேட்டில் போய் நின்றார், ஃபோர்மேன் ஒரு ஸ்பானரைக் கையில் கொடுத்து, துருப்பிடித்த ஒரு போல்ட்டைக் காட்டினார், இவர் கழற்றினார், மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள். போன வருஷம் அந்தத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு பத்து மாதம் அபார்ட்மென்ட்களில் தண்ணீர் மோட்டார் ரிப்பேர், எர்ணாவூரில் ஒரு லேத் பட்டறையில் கூப்பிட்டால் போகிற வேலை. மற்ற நேரமெல்லாம் வீட்டில் இருப்பார். இருந்தாலும் சும்மா இருக்க மாட்டார். குக்கர் கைப்பிடி, கதவுக் கீல், டேபிள் ஃபேன், தையல் மெஷின், வீட்டில் கழற்றிப் பூட்ட முடிகிற எல்லாவற்றையும் கழற்றிப் பூட்டினார். பேச்சு மட்டும் குறைந்துகொண்டே போனது. முன்பே அளந்துதான் பேசுவார். இப்போது கேட்ட கேள்விக்குத் தலையாட்டுவதோடு சரி.

அவரோடு வேலை பார்த்த ஒருவர்தான் அந்த விளம்பரத்தை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அத்திப்பட்டு தாண்டி, துறைமுகத்துக்குப் போகும் வழியில் ஒரு கம்பெனி. கப்பலில் வரும் சமையல் எண்ணெயைப் பெரிய பெரிய டேங்குகளில் இறக்கி வைக்கிற இடம். மெக்கானிக்கல் ஃபிட்டர் வேண்டும், வயது நாற்பத்தெட்டுக்குள். அவரிடம் கேட்டால் "பாக்கலாம்" என்பார். அதனால் கேட்காமலேயே நான் விண்ணப்பம் போட்டேன். ஒரே தப்பு, போன் நம்பர் என்ற இடத்தில் அவருடைய நம்பரைக் கொடுத்ததுதான்.

மத்தியானம் நான் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது பேச்சோடு பேச்சாகச் சொன்னார். "ஒரு பொண்ணு போன் பண்ணிச்சி. லோன் குடுக்கற பொண்ணு போல கீது. ராங் நம்பர்னு வச்சிட்டேன்."

"இன்னா சொல்லிக் கூப்ட்டுச்சி?"

"என் பேரச் சொல்லித்தான்."

"யோவ், பேரச் சொல்லிக் கூப்ட்டா அது எப்டிய்யா ராங் நம்பர் ஆவும்?"

"லோன்காரங்களும் பேரச் சொல்லித்தாம்மே கூப்புட்றாங்க."

கையில் சோற்றோடு அவர் போனைப் பிடுங்கி அந்த நம்பருக்கு அடித்தேன். எச்.ஆர். பெண். குரலில் சந்தேகம். "ராங் நம்பர்னு சொன்னாரே மேடம்?" என்றாள். அவருக்கு ஜலதோஷம், காது அடைத்திருக்கிறது, பேர் சரியாகக் கேட்கவில்லை என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அடுத்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, பயோடேட்டாவும் சர்டிபிகேட்டும் எடுத்துக்கொண்டு வரச் சொன்னாள். போனை வைத்துவிட்டுத் திரும்பினால், என் தட்டு காய்ந்துகொண்டிருந்தது. அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டார்.

பயோடேட்டாவை அடிக்க உட்கார்ந்தோம். நான் வழக்கமாக எழுதுகிற மாதிரி, ஆறு பேர் கொண்ட குழுவை வழிநடத்தினார் என்று அடித்தேன். பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தவர் கேட்டார்.

"யாரு அந்த ஆறு பேரு?"

"எல்லாரும் அப்டித்தான் போடுவாங்க."

"என் கீழ ஒருத்தன்தான் இருந்தான். அவனும் என் பேச்சக் கேக்க மாட்டான். எடுத்துடு."

எடுத்தேன். அவசர நேரத்தில் உடனுக்குடன் முடிவெடுக்கும் திறன் என்று போட்டேன். அதையும் எடுக்கச் சொன்னார். அவசரத்தில் முடிவெடுக்கிறவன் விரலை விட்டுவிட்டு வருவான் என்றார். இப்படியே ஒவ்வொரு வரியாகப் போய், கடைசியில் மிஞ்சியது பேர், விலாசம், ஐ.டி.ஐ. படிப்பு, பத்தொன்பது வருஷம் ஃபிட்டர். ஒரு பக்கம்கூட வரவில்லை. எழுத்தைப் பெரிதாக்கி, இடைவெளியைக் கூட்டி, எப்படியோ பக்கத்தை நிரப்பினேன்.

அதற்குப் பிறகு பயிற்சி. தினமும் காலையில் கடை திறப்பதற்கு முன்னால் அவரை ஸ்டூலில் உட்கார வைத்து, எதிரில் நான் மேனேஜராக உட்காருவேன்.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க."

"ஃபிட்டர்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? ஃபிட்டர்தான்."

ஆங்கிலத்தில் ஐந்து வரி எழுதி, அதைத் தமிழ் எழுத்திலும் எழுதி, ஒரு அட்டையில் லேமினேட் செய்து கொடுத்தேன். ஐ ஆம் எ சின்சியர் அண்ட் ஹார்ட் ஒர்க்கிங் பெர்சன். முதல் நாள் படித்துப் பார்த்துவிட்டு அட்டையைத் திருப்பித் தந்தார்.

"இத்த நானே என்னியப் பத்திச் சொல்லிக்கினா நல்லாவா கீது? வேற எவனாச்சும் சொல்லணும்."

"இன்டர்வியூல நீதான்யா சொல்லணும். அவனவன் அங்க அப்டித்தான் சொல்றான்."

"அப்ப எல்லாரும் சின்சியர்னா என்னிய இன்னாத்துக்கு எடுக்கணும்?"

எனக்கு இன்னும் கோபம் வந்தது. அட்டையை அவர் சட்டைப் பையில் திணித்தேன்.

குறை என்ன என்று கேட்பார்கள், அது எல்லா இன்டர்வியூவிலும் கேட்கிற கேள்வி. கேட்டால், வேலை என்று வந்துவிட்டால் சாப்பாட்டையே மறந்துவிடுவேன், அதுதான் என் குறை என்று சொல்லச் சொன்னேன். கேட்கிறவர்களுக்கு அது குறை மாதிரியும் தெரியும், நிறை மாதிரியும் தெரியும். இதைச் சொல்லிக் கொடுத்து எத்தனை பேர் பாஸ் ஆகியிருக்கிறார்கள்.

"நான் எங்க மறந்தேன்? ஒரு மணிக்குச் சங்கு ஊதுனா டப்பாவத் தொறந்துடுவேனே."

இந்த லட்சணத்தில், ஞாயிற்றுக்கிழமை அவருடைய அக்கா வீட்டுக்காரர் வந்தார். துறைமுகத்தில் ஆபீஸ் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ராயபுரம் சர்ச்சில் பூசை முடிந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் இன்டர்வியூ எடுத்ததும் இல்லை, கொடுத்தும் முப்பது வருஷம் ஆகிறது. ஆனால் யோசனைக்குக் குறைவில்லை.

"மச்சான், ஒண்ணே ஒண்ணுதான். எதிராளி கண்ணப் பாத்துப் பேசு. கண்ண எடுக்கவே கூடாது. எடுத்தியோ, பயந்துட்டன்னு நெனச்சிக்குவான்."

நான் இத்தனை நாளாகச் சொன்ன ஒன்றும் ஏறவில்லை, இது மட்டும் ஏறிவிட்டது. மறுநாள் காலைப் பயிற்சியில் அவர் என் கண்ணையே பார்த்தார். இமைக்கவில்லை. பதிலும் சொல்லவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். திருடனை அடையாளம் காட்டச் சொன்னால் பார்க்கிற பார்வை. "வேணாம்யா, நீ தரையப் பாத்தே பேசு" என்றேன்.

ஷூ ஒன்று வாங்க வேண்டியிருந்தது. அவரிடம் இருந்தது பழைய கம்பெனி கொடுத்த சேஃப்டி ஷூ. முன்னால் இரும்பு வைத்தது, ஒவ்வொன்றும் ஒரு கிலோ இருக்கும். அதையே போட்டுக்கொண்டு போகிறேன் என்றார். ஆபீஸுக்குள் அதோடு போனால் லாரி டிரைவர் என்று நினைப்பார்கள் என்று சொல்லி, வண்ணாரப்பேட்டைக்கு இழுத்துக்கொண்டு போனேன். எம்.சி. ரோடில் ஒரு பாய் கடை. பாய் நல்ல மனிதர். இன்டர்வியூவுக்கு என்றதும் பளபளவென்று ஒரு கறுப்பு ஷூவை எடுத்துப் போட்டார். "இத்தப் போட்டுக்கினு போனா வேல கன்ஃபார்ம்தாம்மா" என்றார். இவர் போட்டு நாலடி நடந்தார். சரியாக இருக்கிறதா என்று மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து, பில்லைத் தொலைத்த பிறகு, "கொஞ்சம் புடிக்கிது" என்றார். கடையிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், பாய் ரொம்ப ஆசையாக எடுத்துக் கொடுத்தார், மனது கஷ்டப்படும் என்றார்.

வியாழக்கிழமை இன்டர்வியூ என்றார்களே, அதற்கு முதல் நாள் போன் வந்தது. மேனேஜர் வெளியூர் போயிருக்கிறார், அடுத்த திங்கட்கிழமை வாருங்கள் என்றாள் அந்தப் பெண். திங்கட்கிழமை காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டு, சர்டிபிகேட்டை ஃபைலில் வைத்துக் கிளம்பும்போது மறுபடியும் போன். ஆடிட் நடக்கிறது, புதன்கிழமை வாருங்கள். இரண்டு தடவையும் நான் கடைக்கு லீவு என்று எழுதி ஒட்டியிருந்தேன். அவருக்கு அதில் எந்த வருத்தமும் இல்லை. சட்டையைக் கழற்றி ஹேங்கரில் மாட்டிவிட்டு, மிக்ஸியைக் கழற்ற உட்கார்ந்தார். மிக்ஸி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை நானும் கூடவே கிளம்பினேன். தனியாக அனுப்பினால் வழியில் ஏதாவது மோட்டார் நின்றுபோய்க் கிடந்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுவார் என்ற பயம். பத்து மணி இன்டர்வியூவுக்கு ஏழரைக்கே திருவொற்றியூர் ஸ்டேஷனில் நின்றோம். கும்மிடிப்பூண்டி வண்டி எண்ணூர் வரைக்கும் ஒழுங்காகத்தான் வந்தது. எண்ணூர் தாண்டி, ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் நின்றுவிட்டது. நிலக்கரி கூட்ஸ் ஒன்று போக வேண்டுமாம். ஒன்று போனது. பின்னாலேயே இன்னொன்றும் போனது. பெட்டியை எண்ணிக்கொண்டிருந்த ஆள்கூடச் சலித்துப்போய் நிறுத்திவிட்டான்.

இவர் குனிந்து ஷூவைக் கழற்றினார். குதிகாலில் தோல் உரிந்திருந்தது.

"கெடைக்கலன்னா இன்னா பண்ணுவ?" என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

பத்து மாதத்தில் வேலையைப் பற்றி அவராக என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். இத்தனை நாள் நான் கத்தியதில் பாதி கோபம், பாதி பயம்தான் என்று அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். "மொதல்ல ஷூவப் போடு" என்றேன்.

அத்திப்பட்டு புதுநகரில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தோம். பாதி தூரத்தில் ஆட்டோவும் நின்றது. துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள், கண்ணுக்கெட்டிய தூரம் வரை. ஒரு டிரைவர் லாரிக்கு அடியில் ஸ்டவ் வைத்துச் சாம்பார் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். அவர் நேற்றே வந்துவிட்டாராம். இறங்கி, லாரிகளுக்கும் முள்ளுச் செடிகளுக்கும் நடுவில் நடந்தோம். இவர் ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு நடந்தார். இஸ்திரி போட்ட பேன்ட், டக் செய்த சட்டை, கீழே வெறுங்கால்.

கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்து இருபது. ஆனால் அதிகாரிகளும் அதே லாரி வரிசையில் மாட்டிக்கொண்டு இன்னும் வந்து சேரவில்லை. அப்பாடா என்றிருந்தது. கேட்டில் இருந்த செக்யூரிட்டி, வயதானவர், எர்ணாவூர்க்காரர். இவருடைய காலைப் பார்த்தார். இதற்குள் இவர் கறுப்பு ஷூவைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இந்த ஷூவோட உள்ள போவ முடியாது சார். சேஃப்டி ஷூ வோணும்."

"இன்டர்வியூவுக்குத்தான் வந்துகீறாரு" என்றேன் நான்.

"யாரா இருந்தாலும் அதான்மா ரூல். விசிட்டர் ஷூ கீது, ஆனா இப்ப ஆறாம் நம்பர்தான் கெடக்குது."

இவருக்கு ஒன்பதாம் நம்பர். வண்ணாரப்பேட்டையும் பாயும் பளபளப்பும் எல்லாம் கண்முன் வந்தன. இவர் கையில் வைத்திருந்த துணிப் பையைத் திறந்தார். மதியச் சாப்பாடு என்று நான் நினைத்துக்கொண்டிருந்த பை. உள்ளே அந்தப் பழைய சேஃப்டி ஷூ. பாலிஷ் போட்டிருந்தார்.

"எப்ப எடுத்து வச்ச?"

"காலைலதான்."

"ஒரு வார்த்தை சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா உள்ள வய்யின்னு கத்துவ."

கத்தியிருப்பேன்தான். செக்யூரிட்டி சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். இவர் வாசலில் உட்கார்ந்து, லேஸை இழுத்துக் கட்டி, எழுந்து இரண்டு காலையும் தரையில் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அந்த நடையை நான் பத்து மாதமாகப் பார்க்கவில்லை. வீட்டில் செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடப்பார். இது வேறு நடை. டேங்குகளுக்கு நடுவில் அவர் திரும்பி மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

செக்யூரிட்டி ஒரு பிளாஸ்டிக் சேரை எடுத்துப் போட்டார். "நீங்களும் இன்டர்வியூவாம்மா?"

"இல்ல. கூட வந்தேன்."

"ஓ. பசங்கள ஸ்கூல்ல வுட வர்ற மாதிரி."

ஒன்றரை மணி நேரம் அந்த சேரில் உட்கார்ந்திருந்தேன். இவருக்குப் பின்னால் போன இரண்டு பேர் முன்னால் வந்துவிட்டார்கள். கடைசியாக இவர் வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எப்போதும் தெரியாது.

"இன்னா ஆச்சி?"

"முடிஞ்சிது."

"இன்னா கேட்டாங்க?"

"வேலையப் பத்தித்தான்."

ஒரு சேரில் ஒன்றரை மணி நேரம் வெந்துகொண்டு உட்கார்ந்தவளுக்கு இதுதான் பதில். அன்று நடந்ததை அவரிடமிருந்து முழுசாக வாங்க எனக்கு நாலு நாள் ஆனது.

முதல் துண்டு, ஸ்டேஷன் டீக்கடையில் கிடைத்தது. உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டார்களாம். அட்டையில் இருந்த முதல் இரண்டு வரியைச் சொல்லியிருக்கிறார். மூன்றாவது வரி வரவில்லை. "மீதி மறந்துட்டேன் சார், தமிழ்ல சொல்லட்டுமான்னு கேட்டேன், சரின்னாங்க" என்றார்.

இரண்டாவது துண்டு ரயிலில். பழைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். முன்னேற்றத்துக்காக என்று சொல்ல வேண்டும், அதை நான் இருபது தடவையாவது சொல்லிக் கொடுத்திருந்தேன்.

"இன்னா சொன்ன?"

"நான் வுடல சார், கம்பெனிதான் என்னிய வுட்டுடுச்சின்னு சொன்னேன்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். போச்சு என்று நினைத்தேன். அதே சமயம், அதை அவர் யாரோ தெரியாத மூன்று பேரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார், என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை என்பதும் உறைத்தது.

மூன்றாவது துண்டு மறுநாள் வீட்டில். அதை அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். "டேலின்னா இன்னாம்மே?"

"கணக்கு எழுதற சாஃப்ட்வேர். இன்னாத்துக்கு?"

"எனக்கு அது தெரியும்னு பேப்பர்ல போட்டிருந்திச்சாம். அப்பால கோலம் போடறது, டெய்லரிங் எல்லாம் தெரியும்னு போட்டிருந்திச்சாம்."

கடையில் புது பயோடேட்டா அடிக்கும்போது, முந்தின ஆளுடைய ஃபைலைத் திறந்து மாற்றித்தான் அடிப்போம். முந்தின நாள் ஒரு பெண் அக்கவுன்ட்ஸ் வேலைக்கு அடித்துக்கொண்டு போனாள். மேலே எல்லாம் மாற்றினேன். அவரோடு சண்டை போட்ட வேகத்தில், எழுத்தைப் பெரிதாக்கியதில் அடுத்த பக்கத்துக்குத் தள்ளிப்போன கடைசி நாலு வரியைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். ஊருக்கெல்லாம் ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் அடித்துக் கொடுக்கிறவள். என் சொந்தப் புருஷனைக் கோலம் போட வைத்துவிட்டேன்.

"நீ இன்னா சொன்ன?"

"எனக்குத் தெரியாது சார், என் வூட்டுக்காரிதான் அடிச்சிது, அதுக்குத் தெரியும்னு சொன்னேன். மூணு பேரும் சிரிச்சாங்க."

அன்று முழுக்க நான் அவரிடம் குரலை உயர்த்தவில்லை. அவருக்கு அது விநோதமாக இருந்திருக்க வேண்டும். உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

நாலாவது துண்டு சனிக்கிழமை காலையில் வந்தது. கடை திறக்கிற நேரம். ஜெராக்ஸ் மெஷினில் ஏதோ கடகடவென்று சத்தம் வர, அவர் வந்து பக்கத்தில் நின்று கேட்டார். அப்போது அவராகவே ஆரம்பித்தார்.

"அங்க ஒரு பெரியவரு இருந்தாரு. மெயின்டனன்ஸ் மேனேஜராம். பம்ப்ல சத்தம் வருது, மொதல்ல இன்னா பண்ணுவீங்கன்னு கேட்டாரு. ஆபரேட்டரக் கேப்பேன்னு சொன்னேன்."

"கழட்டிப் பாப்பேன்னு சொல்லக் கூடாதா?"

"இன்னாத்துக்குக் கழட்டணும்? அவன் எட்டு மணி நேரம் அது பக்கத்துலயே நிக்கிறான், நான் அஞ்சு நிமிசம் நிக்கப் போறேன். எப்பலேர்ந்து சத்தம் வருது, டேங்க் மாத்துன அப்பாலயா, அதுக்கு முன்னாடியேவான்னு அவனத்தான் கேக்கணும். கூழாங்கல்லு உருள்ற மாதிரி சத்தம்னா பம்பத் தொறக்கவே வேணாம். எண்ண உள்ள வர்ற பக்கம் வடிகட்டி அடச்சிக்கினு கீதா, வால்வ முழுசாத் தொறந்தாங்களான்னு பாத்தாப் போதும். இரும்பு ஒரசுற மாதிரி வந்தா பேரிங்."

அந்தப் பெரியவர் எழுந்து, வாங்க என்று இவரை பம்ப் ஹவுஸுக்கே கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். ஓடிக்கொண்டிருந்த நாலு பம்புகளைக் காட்டி, எது எப்படி இருக்கிறது என்று கேட்டாராம். இவர் ஒரு நீள ஸ்க்ரூ டிரைவர் கேட்டு வாங்கி, முனையை பம்ப் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்து, ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார்.

"மூணாவது பம்ப்ல மோட்டார் பக்கத்து பேரிங் முனகிக்கினு கீது சார், இன்னும் கொஞ்ச நாள் ஓடும், ஆனா கப்பல் வர்ற அன்னிக்கி நின்னுடும்னு சொன்னேன். உடனே அவரு கூட வந்த பையன எழுதிக்கச் சொன்னாரு."

எனக்குத் தெரிந்து பத்து மாதத்தில் அவர் இவ்வளவு பேசியது அன்றுதான். ஷட்டரைப் பாதி தூக்கிய நிலையில் நான் கேட்டுக்கொண்டு நின்றேன். வெளியே இரண்டு பேர் ஆதார் பிரின்டுக்கு நின்று, குனிந்து குனிந்து பார்த்தார்கள்.

"இத்தப் புதன்கிழமையே சொல்றதுக்கு இன்னாய்யா?" என்றேன்.

"வேலையப் பத்தித்தான் கேட்டாங்கன்னு அன்னிக்கே சொன்னேனே."

அதற்குப் பிறகு மூன்று வாரம் எந்தத் தகவலும் இல்லை. நான் எச்.ஆர். பெண்ணுக்குப் போன் செய்யப் போனபோதெல்லாம் அவர் தடுத்தார். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவளே என் நம்பருக்கு அடித்தாள். இன்டர்வியூ அன்று கொடுத்த ஃபாரத்தில், போன் நம்பர் என்ற இடத்தில் அவர் என் நம்பரை எழுதியிருக்கிறார். அந்த ஒரு புத்தி வந்ததே. "சார் செலக்ட் ஆகிட்டார் மேடம்" என்றாள். அவள் வைத்த மறு நிமிஷம் அவருக்கு அடித்தேன். காலடிப்பேட்டையில் ஒரு அபார்ட்மென்ட்டில் மோட்டார் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேலை கெடச்சிடுச்சிய்யா!"

"ம். சரி."

"சரியா? அவ்ளோதானா?"

"மோட்டார் தொறந்து கெடக்குதும்மே, அப்பால பேசறேன்."

வைத்துவிட்டார். நான் யாரிடம் சொல்லி அழுவேன், யாரிடம் சொல்லிச் சிரிப்பேன்? எதிரில் ஒரு அம்மா ரேஷன் கார்டு ஜெராக்ஸை லேமினேட் செய்யக் கொடுத்துவிட்டு நின்றிருந்தார். அவரிடம்தான் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த ரேஷன் கார்டு கோணலாகப் போய், வேறு ஜெராக்ஸ் எடுத்து இன்னொரு தடவை போட்டுக் கொடுத்தேன்.

சாயந்திரம் அவர் வீட்டுக்கு வந்தபோது கையில் அல்வா பொட்டலம் இருந்தது. மேஜையில் வைத்துவிட்டு, கால் கழுவப் போனார். பாத்ரூமில் குழாய் ரொம்ப நேரம் ஓடியது. நான் தட்டவில்லை.

வேலை கிடைத்ததும் தொல்லை தீர்ந்தது என்று நினைத்தால், அடுத்தது ஆரம்பித்தது. மெடிக்கல் டெஸ்ட், போலீஸ் வெரிஃபிகேஷன். ஐ.டி.ஐ. சர்டிபிகேட்டில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால். தினம் பத்துப் பேருக்குத் திருத்தம் போடுகிற நான், என் வீட்டுக்காரருக்காக மற்றவர்களோடு டோக்கன் வாங்கி வரிசையில் நின்றேன். ஒரு வழியாக அடுத்த மாதம் முதல் தேதி சேர்ந்தார். இப்போது ஒரு வாரம் காலை ஷிஃப்ட், ஒரு வாரம் மதிய ஷிஃப்ட்.

மதிய ஷிஃப்ட் வாரத்தில் காலையில் கடையில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். இது எனக்குப் புதுத் தலைவலி. பழைய தொழிற்சாலையில் அவரோடு வேலை பார்த்தவர்கள், நாற்பது ஐம்பது வயதுக்காரர்கள், பயோடேட்டா அடிக்க வருகிறார்கள். முன்பெல்லாம் இன்டர்வியூவில் என்ன சொல்ல வேண்டும் என்று என்னைக் கேட்பார்கள். இப்போது அவரைக் கேட்கிறார்கள். அவரும் சொல்கிறார். இத்தனை வருஷம் வீட்டில் எங்கே ஒளித்து வைத்திருந்தாரோ, அவ்வளவு பேச்சு.

போன வாரம் அப்படி ஒருவர் வந்தார். பாய்லரில் வேலை பார்த்தவர், மணலியில் ஒரு இன்டர்வியூ இருக்கிறது. இவர் அரை மணி நேரம் பேசினார். "ஒண்ணும் மனப்பாடம் பண்ணாத. தெரிஞ்சத சொல்லு, தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. கேட்டவன நீயும் ரெண்டு கேள்வி கேளு. நமக்கு வேலை தெரியும்ல, அப்பறம் இன்னா?" ஜெராக்ஸுக்கு வந்தவர்கள் நாலு பேர் வாசலில் நிற்கிறார்கள். வழி விடச் சொன்னால் எழுந்து நின்றுகொண்டு பேசுகிறார். கடைசியில் ஷிஃப்ட்டுக்கு நேரமாகிறது என்று நான்தான் பையைக் கையில் கொடுத்துத் தள்ளிவிட்டேன்.

அவர் போனதும் அந்த பாய்லர்காரர் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்தார்.

"அண்ணி, ஒரு ஒதவி. அவரு இப்ப சொன்னாரு பாருங்க, அத்தனையும் ஒரு பேப்பர்ல அடிச்சிக் குடுங்களேன். ரெண்டு நாள் கீது, மனப்பாடம் பண்ணிடுவேன்."

நான் அவரைப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகத்தான் கேட்டார். அடித்துக் கொடுத்தேன். அட்டை வைத்து லேமினேட்டும் போட்டேன்.